கோடு போடாத ஈரலில் எல்லை எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கும் அப்பாவுக்கு 62 வயது. ஹெபடைட்டிஸ் பி பல வருடமாக உண்டு. சேலத்தில் எடுத்த சி.டி.யில் ஈரலின் வலது பக்கம், 6ஆவது செக்மென்ட்டில் 3.5 செ.மீ. கட்டி, ஈரலில் பிறந்த புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. "வலது பின்பகுதியை முழுசா லேப்ரோஸ்கோபியிலேயே எடுத்துடலாம்" என்கிறார் சர்ஜன். கையால் தொடாமல், திரையைப் பார்த்துக்கொண்டே எங்கே வெட்டுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் எல்லை எதற்கு என்பது புரியும்.

ஈரலிலேயே தோன்றும் புற்றுநோயை எச்.சி.சி. என்பார்கள். இதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் ஓடும் போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) கிளைக்குள் நுழைந்து, அந்தக் கிளை எங்கெங்கே பாய்கிறதோ அங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கட்டிகளைத் தூவிவிடும். கட்டியைச் சுற்றி மட்டும் வெட்டினால் அதே கிளையில் இருக்கும் குட்டிகள் உள்ளேயே தங்கிவிடலாம். அதனால்தான் கட்டி உட்கார்ந்திருக்கும் கிளை, அந்தக் கிளை ஊட்டும் பகுதி இரண்டையும் சேர்த்து எடுப்பது. ஜப்பானில் மக்கூச்சி 1985இல் அல்ட்ராசவுண்டால் பார்த்துக்கொண்டே போர்ட்டல் கிளைக்குள் சாயம் செலுத்தி, நிறம் மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் முறையை வெளியிட்டதும் இந்தக் கணக்கில்தான்.

குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கட்டியைச் சுற்றி 1 மி.மீ. நல்ல திசு கிடைத்தாலே பெரும்பாலும் போதும். ஈரலை மிச்சம் பிடிப்பதுதான் முக்கியம். எச்.சி.சி.யிலும் சிறிய கட்டி, சுருங்கிய ஈரல் என்றால் பகுதி முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா என்பதில் சர்ஜன்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. என் கணிப்பு: மிச்ச ஈரல் தாங்கும் என்றால் பகுதியாக எடுப்பதே மேல். தாங்காது என்றால் கொள்கையைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்டிருப்பது 6, 7 ஆகிய இரண்டு செக்மென்ட்டும் சேர்ந்த வலது பின்பகுதி. இது தோராயமாக ஈரலில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வரும். வலது பாதி முழுவதையும் எடுத்தால் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விடும். நல்ல ஈரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலும் ஓடிவிடும். சிரோசிஸ் உள்ள, அதாவது தழும்பேறிச் சுருங்கிய ஈரலில் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். ஆகவே பின்பகுதியோடு நிறுத்துவது நல்ல முடிவு. ஆனால் வலது பாதியை எடுப்பதைவிடக் கடினமான வேலை, ஏனென்றால் எல்லை ஈரலின் நடு உடம்புக்குள் ஓடுகிறது.

இப்போது எல்லைக்கு வருவோம்.

ஈரலை வெளியே பார்த்தால் வழவழப்பான, ஒரே நிறமான, ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் உறுப்பு. மேலே கண்ணுக்குத் தெரியும் ஒரே பிரிவு, வயிற்றுச் சுவரிலிருந்து தொங்கும் ஃபால்சிஃபார்ம் மடிப்பு. அதைப் பார்த்துத்தான் வெகுகாலம் வலது மடல், இடது மடல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். உண்மையான நடுக்கோடு அதற்கு வலது பக்கம், பித்தப்பைப் பள்ளத்திலிருந்து பின்னால் உள்ள பெருஞ்சிரைக்கு (இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) போகிறது என்று ஜேம்ஸ் கேன்ட்லி 1897இல் சொன்னார். பிரெஞ்சுக்காரர் குயினோ 1957இல் உள்ளே ஓடும் குழாய்களை வைத்து எட்டு செக்மென்ட்டாகப் பிரித்தார். இன்று சி.டி. ரிப்போர்ட்டில் வரும் எண்கள் அவருடையவை.

குயினோவின் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊர் காப்பித் தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிப்பாதை தோட்டத்தின் நடுவுக்குள் போய்க் கிளை பிரியும். ஓடை இரண்டு தோட்டங்களுக்கு நடுவில், எல்லையிலேயே ஓடி, இரண்டு பக்கத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கும். ஈரலும் அப்படித்தான். உள்ளே வரும் பாதை என்பது போர்ட்டல் சிரை, தமனி, பித்தக் குழாய் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்து வரும் கட்டு. கிளிசன் கட்டு என்பார்கள். அது ஒவ்வொரு பகுதியின் நடுவுக்குள் நுழைகிறது. வெளியே போகும் ஈரல் சிரைகள் பகுதிகளுக்கு இடையே, எல்லையில் ஓடுகின்றன. நடு ஈரல் சிரை வலது பாதியையும் இடது பாதியையும் பிரிக்கும். வலது ஈரல் சிரை, முன்பகுதியான 5, 8 ஆகியவற்றைப் பின்பகுதியான 6, 7 ஆகியவற்றிலிருந்து பிரிக்கும்.

ஆக, உங்கள் அப்பாவின் ஆபரேஷனில் சர்ஜன் தேடுவது இரண்டே இரண்டு. ஒன்று, பின்பகுதிக்குள் போகும் பாதையின் வாசல். இரண்டு, எல்லையில் ஓடும் வலது ஈரல் சிரை. வாசலை அடைத்தால் தோட்டம் இருண்டுவிடும். ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் எல்லை தவறாது.

வாசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேப்ரோஸ்கோபியில் காமிரா காலடிப் பக்கத்திலிருந்து, ஈரலின் அடிப்பரப்பைப் பார்த்தபடி நுழைகிறது. வயிற்றைத் திறந்து செய்யும்போது சர்ஜன் மேலிருந்து கீழே பார்க்கிறார். ஈரலின் அடியும் பின்புறமும் கடைசியில்தான் தெரியும். லேப்பில் அதுவே முதல் காட்சி, அதுவும் பல மடங்கு பெரிதாக. விரலால் அழுத்திப் பார்க்கும் வசதி போய்விட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்திருப்பது இந்தக் கோணம். வாசல் அடையாளங்கள் எல்லாமே அடிப்பரப்பில் இருப்பதால் இது நல்ல பேரம்.

அடிப்பரப்பில் என்ன தெரியும்? பித்தப்பையைப் பிடித்து மேலே, இடப்பக்கம் இழுத்தால் அதன் வலது, பின்புறத்தில் ஈரலில் ஒரு கீறல் போன்ற பள்ளம் தெரியும். 2 முதல் 5 செ.மீ. நீளம். ஹென்றி ரூவியே 1924இல் விவரித்ததால் ரூவியே பள்ளம். பித்தப்பைக் கல் ஆபரேஷன் செய்யும் எல்லா சர்ஜனுக்கும் இது பழக்கமான இடம். அங்கே "இந்தக் கோட்டுக்குக் கீழே போகாதே" என்ற எச்சரிக்கைப் பலகையாகப் பயன்படுகிறது. ஈரல் சர்ஜனுக்கு அதுவே வாசல். பெரும்பாலானவர்களுக்கு வலது பின்பகுதிக்கான கிளிசன் கட்டு இந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடுகிறது. எல்லோருக்கும் பள்ளம் தெளிவாக இருக்காது. சிலருக்கு மூடியிருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது.

அதனால் ஒரே அடையாளத்தை நம்புவதில்லை. சுகியோக்கா முதலிய ஜப்பானிய சர்ஜன்கள் 2017இல் நான்கு நிலையான அடையாளங்களையும் அவற்றைச் சுற்றி ஆறு வாசல்களையும் வகுத்துக் கொடுத்தார்கள். இடது பக்கம் அரேன்ஷியஸ் தட்டு, தொப்புள் தட்டு (தட்டு என்றால் ஈரலின் அடிப்பரப்பில் தடித்திருக்கும் நார்ச்சவ்வு). நடுவில் பித்தப்பை ஒட்டியிருக்கும் தட்டு. வலது பின்னால், ஈரலின் பின்புறக் குட்டி மடலான காடேட் மடலின் வால்பகுதிக்குப் போகும் சின்னக் கட்டு. பித்தப்பைத் தட்டின் பின்நுனிக்கு இடது ஓரம் நான்காவது வாசல், வலது ஓரம் ஐந்தாவது, ரூவியே பள்ளத்துக்கும் அந்தச் சின்னக் கட்டுக்கும் நடுவில் ஆறாவது. நான்கில் நுழைந்து ஐந்தில் வெளியே வந்தால் கையில் கிடைப்பது வலது முன்கட்டு. ஐந்தில் நுழைந்து ஆறில் வந்தால் பின்கட்டு. நான்கில் நுழைந்து ஆறில் வந்தால் வலது பாதி முழுவதும். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது ஐந்தும் ஆறும்.

நுழைவது என்றால் எதற்குள்? கிளிசன் கட்டின் உறைக்கும் ஈரல் திசுவுக்கும் நடுவில் ஈரலுக்கே சொந்தமான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. லேனெக் 1802இல் விவரித்தார். ஸ்டெதஸ்கோப் கண்டுபிடித்த அதே லேனெக். கட்டு ஈரலுக்குள் நுழையும் இடத்தில் அந்தச் சவ்வு உள்ளே மடிந்து போகும். சவ்வை ஈரல் பக்கம் விட்டுவிட்டு, உறையைக் கட்டுப் பக்கம் விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் போனால் ரத்தம் வராது. ஊறின மொச்சையைப் பிதுக்கும்போது தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் வழுக்கிப் பிரியுமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு. நுனி மழுங்கிய, வளைந்த கருவியை அந்தத் தளத்தில் வைத்து மெல்லத் தள்ளினால் அதுவே வழி காட்டும். தள்ளும்போது தடை இருந்தால் தளம் தப்பு. வலுவாகத் தள்ளினால் ஒன்று ஈரல் கிழிந்து ரத்தம் கசியும், அல்லது கட்டின் உறை கிழிந்து உள்ளே இருக்கும் பித்தக் குழாய் அடிபடும். இரண்டாவது மோசமானது. ரத்தம் உடனே தெரியும். பித்தக் குழாய் அடிபட்டது நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

பின்கட்டைச் சுற்றி நாடா போட்டாயிற்று. உடனே வெட்டலாமா? கூடாது. இந்த ஆபரேஷனில் ஒரே ஒரு விதியை மட்டும் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: அடையாளம் காட்டியதை ஒரு சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்; இன்னொரு சாட்சி ஒத்துக்கொள்ளும் வரை எதையும் வெட்டக் கூடாது.

முதல் மறுசாட்சி, கவ்விப் பார்ப்பது. சின்ன புல்டாக் கிளாம்பைக் கட்டின் மேல் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்தப் பகுதியின் மேற்பரப்பு மங்கி, கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். எதிர்பார்த்த கோடு, ஈரலின் கீழ் ஓரத்திலிருந்து வலது ஈரல் சிரையின் வேர்ப்பக்கம் வரை ஏற வேண்டும். 6ஆவது செக்மென்ட் மட்டும் இருண்டு 7 பளிச்சென்று இருந்தால், பள்ளத்துக்குள் இருந்தது 6க்கான கிளை மட்டும். 7க்கான கிளை இன்னும் உள்ளே தனியாகப் பிரிகிறது, இன்னும் ஆழம் போக வேண்டும். வலது பாதி முழுவதுமே இருண்டுவிட்டால் நாடாவுக்குள் முன்கட்டும் மாட்டியிருக்கிறது. இரண்டுமே நடக்கும். கிளாம்பை எடுத்தால் நிறம் திரும்பிவிடும், எந்த நஷ்டமும் இல்லை. கவ்விப் பார்க்காமல், தைத்து வெட்டும் ஸ்டேப்ளர் கருவியைப் போட்டிருந்தால் திரும்பாது.

அடுத்த சாட்சி அல்ட்ராசவுண்ட். லேப்ரோஸ்கோபிக்கு என்றே நுனி வளையும் புரோப் உண்டு. அதை ஈரல் மேலேயே வைத்துப் பார்க்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் அதன் டாப்ளர் முறையில் பின்கட்டில் ஓட்டம் நின்றிருக்க வேண்டும், முன்கட்டிலும் இடது பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதே புரோப்பில் கட்டி எங்கே, வலது ஈரல் சிரை எங்கே, இரண்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து மின்கத்தியால் மேற்பரப்பில் புள்ளி வைத்துக்கொள்வார்கள். சிரோசிஸ் ஈரலில் முடிச்சு முடிச்சாக இருப்பதால் நிறம் மாறும் கோடு மங்கலாகத் தெரியும். அங்கே இந்த ஸ்கேனை விட்டால் ஆளில்லை.

மூன்றாவது சாட்சி ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயம். 25 மி.கி. குப்பியை 10 மி.லி. நீரில் கரைத்தால் 1 மி.லி.யில் 2.5 மி.கி. வரும். பின்கட்டைக் கவ்விய பிறகு அந்த 1 மி.லி.யை மயக்க மருத்துவர் கைச்சிரையில் போடுவார். அகச்சிவப்புக்கு அருகிலான ஒளியில் பார்க்கும் காமிராவில் ஈரல் முழுவதும் ஒளிரும். கவ்விய பின்பகுதி மட்டும் இருட்டாக நிற்கும். மேற்பரப்பில் மட்டுமல்ல, வெட்டிக்கொண்டே உள்ளே போகும்போதும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் இருட்டு என்று தெரியும். இதில் ஒரு சிக்கல். ஈரல் செல்கள் சாயத்தை உறிஞ்சிக்கொண்டால் மணிக்கணக்கில் விடாது. கிளாம்ப் சரியாகப் பிடிக்காத நிலையில் ஊசி போட்டுவிட்டால் பின்பகுதியும் ஒளிர்ந்துவிடும். அன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் நிறக்கோடு, டாப்ளர் இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகே இதைப் போட வேண்டும். ஒளி அரை செ.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. ஆழத்துக்குத்தான் ஊடுருவும் என்பதால், உள்ளே புதைந்த கட்டியை இது காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாயத்தில் அயோடின் உண்டு. அப்பாவுக்கு ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நடக்கும் வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை இடப்பக்கம் சாய்த்து, வலது பக்கம் மேலே வரும்படி படுக்க வைப்பார்கள். மிச்ச ஈரல் தன் எடையால் இடப்பக்கம் சரிந்து பின்பகுதி மேலே வரும். வலது ஈரல் சிரை பெருஞ்சிரையைவிட உயரத்தில் வந்துவிடுவதால் அதில் அழுத்தமும் குறையும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு, 12 மி.மீ. பாதரச அழுத்தம். ஐந்து துளைகள், தேவைப்பட்டால் இன்னொன்று. ஈரலுக்கு வரும் மொத்தக் குழாய்க் கட்டையும் சுற்றி ஒரு நாடா போட்டு வைப்பார்கள். ரத்தம் வந்தால் இறுக்க. 1908இல் பிரிங்கிள் சொன்ன வழி, இன்றும் அதே பெயர். 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துவது வழக்கம். பிறகு ஈரலை உதரவிதானத்திலிருந்தும் வலது அட்ரினல் சுரப்பியிலிருந்தும் பிரித்து, பெருஞ்சிரைக்கு நேராக வரும் குட்டிச் சிரைகளை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு வெட்டுவார்கள். இந்தக் குட்டிச் சிரைகளில் சில சமயம் ஒன்று தடியாக இருக்கும். அது கீழ் வலது ஈரல் சிரை. சி.டி.யில் முன்பே பார்த்து வைக்காவிட்டால் அதன் மேல் கருவி பட்டு வரும் ரத்தம் சமாளிக்கக் கடினம்.

இனி ஓடை. கிளிசன் கட்டை அடைத்தாயிற்று, கோடு போட்டாயிற்று. கீழ் ஓரத்திலிருந்து ஈரல் திசுவைப் பிளந்துகொண்டு போகிறார்கள். க்யூசா என்ற கருவி அதிர்வால் ஈரல் திசுவை மட்டும் தூளாக்கி உறிஞ்சும்; குழாய்கள் நார்போல நிற்கும். 2 மி.மீ.க்குக் குறைந்ததைச் சுட்டு மூடலாம், அதற்கு மேல் கிளிப். கொஞ்ச தூரத்தில் வலது ஈரல் சிரையின் ஒரு கிளை தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தண்டு வரும். அந்தத் தண்டு வெட்டுமுகத்தில் நீளவாக்கில், நீலக் குழாயாக வெளியே தெரிய வேண்டும். நல்ல பின்பகுதி வெட்டு முடிந்த பிறகு மிச்ச ஈரலின் முகத்தில் வலது ஈரல் சிரை கீழிருந்து வேர் வரை முழுக்கத் தெரியும். அப்படித் தெரியவில்லை என்றால் தளம் எங்கோ விலகியிருக்கிறது. சிரையைத் தாண்டி உள்ளே போயிருந்தால் முன்பகுதியைக் காயப்படுத்தியிருப்பார்கள். வெளியே விட்டிருந்தால் பின்பகுதியின் ஒரு துண்டு ரத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். அந்தத் துண்டு அழுகிச் சீழ் கட்டலாம்; குட்டிக் கட்டியும் அதில் மிஞ்சியிருக்கலாம்.

சிரையைக் காப்பாற்றுவது அழகுக்காக இல்லை. முன்பகுதியின் ரத்தமும் அதில்தான் கணிசமாக வடிகிறது. அதை வெட்டிவிட்டால் மிச்சமிருக்கும் 5, 8இல் ஒரு பகுதி வீங்கி, வேலை செய்யாமல் போகலாம்; சதவீதக் கணக்கில் இருந்தாலும் உபயோகத்தில் இல்லாத ஈரல். கட்டி சிரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது எதை இழப்பது என்று முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

சிரையில் கருவி வைக்கும் திசைக்கும் ஒரு முறை உண்டு. கிளைகள் தண்டில் சேரும் இடத்தில் கவட்டை மாதிரி ஒரு கோணம் இருக்கும். கருவியை நுனியிலிருந்து வேரை நோக்கித் தள்ளினால் அது கவட்டையில் போய் முட்டிக் கிழிக்கும். வேரிலிருந்து நுனியை நோக்கி இழுத்தால் கவட்டை தானாக விரிந்து கொடுக்கும். அதனால் தண்டு தெரிந்ததும் பல சர்ஜன்கள் வேர்ப்பக்கம் போய், அங்கிருந்து கீழே வருவார்கள். கிழிசல்களில் பல, திசை தப்பியதால் வருவதுதான்.

கிழிந்தால்? ஊசிமுனை அளவு துளையிலிருந்தும் திரை சிவப்பாகிவிடும். அந்த நேரத்தில் குருட்டாம்போக்கில் கிளிப் போடுவதுதான் பெரிய தப்பு. சின்னத் துளை பெரிதாகும். ஒரு துண்டு காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால் பல சமயம் தானே நிற்கும். மயக்க மருத்துவர் ஏற்கெனவே மைய சிரை அழுத்தத்தை (இதயத்துக்கு அருகே பெருஞ்சிரையில் உள்ள அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். வெண்டிலேட்டரில் மூச்சுக்காற்றின் அளவைக் குறைத்தால் இன்னும் தணியும். நிற்கவில்லை என்றால் 4-0 அல்லது 5-0 அளவு புரோலீன் என்ற மெல்லிய நூலால் தையல். வயிற்றுக்குள் கேஸ் அழுத்தத்தை ஏற்றினாலும் கசிவு குறையும். ஆனால் திறந்த சிரைக்குள் கேஸ் நுழைந்து இதயத்துக்குப் போகலாம். மானிட்டரில் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அளவு சட்டென்று விழுந்தால் அதுதான் அறிகுறி. உடனே கேஸை நிறுத்தி, துளையை அழுத்தி, முழு ஆக்சிஜன் கொடுத்து, தலையைத் தாழ்த்த வேண்டும். பிரிங்கிள் நாடா இதற்கு உதவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: அது உள்ளே வரும் ரத்தத்தை நிறுத்தும், சிரை வழியே பெருஞ்சிரையிலிருந்து பின்னோக்கி வரும் ரத்தத்தை நிறுத்தாது.

பின்கட்டைக் கடைசியாக வெட்டும்போது இன்னொரு கண்ணி. நாடாவைப் பிடித்து இழுத்து, ஈரல் வாசலுக்கு ஒட்டி ஸ்டேப்ளர் வைத்தால் பக்கத்து முன்கட்டின் பித்தக் குழாயும் கூடாரம்போல் எழும்பி வாய்க்குள் மாட்டும். எவ்வளவு வெளியே தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஸ்டேப்ளரை மூடி, வெட்டாமல் வைத்து, டாப்ளரில் முன்பகுதி ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். அங்கேயும் அதே விதிதான். பித்தக் குழாய்களின் கிளைப்பு ஆளுக்கு ஆள் மாறும்; வலது பின் குழாய் சிலருக்கு இடது குழாயில் போய்ச் சேரும். இதைப் பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி.யில் முன்கூட்டியே பார்க்கலாம்.

எடுத்த துண்டைப் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு விழும் இடத்தில் குறுக்கே ஒரு கீறல் வைத்து முழுதாக வெளியே எடுப்பார்கள். நறுக்கி எடுக்கக் கூடாது. எல்லையை நோயியல் மருத்துவர் அளக்க வேண்டும்.

நடுவில் திறந்த ஆபரேஷனுக்கு மாற்றினால் தோல்வி என்று நினைக்காதீர்கள். அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தி வயிற்றைத் திறப்பதுதான் புத்தி. கையெழுத்து வாங்கும்போதே அதற்கும் சேர்த்து வாங்குவார்கள்.

சர்ஜனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: மூன்று கட்ட சி.டி.யில் மிச்ச ஈரலின் அளவு எத்தனை சதவீதம், கட்டிக்கும் வலது ஈரல் சிரைக்கும் எவ்வளவு இடைவெளி, கீழ் வலது சிரை தனியாக இருக்கிறதா, தியேட்டரில் லேப் அல்ட்ராசவுண்ட் உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இந்தக் குறிப்பிட்ட ஆபரேஷனை அங்கே லேப்பில் செய்ய வேண்டாம், திறந்தே செய்யலாம் அல்லது வசதியுள்ள இடத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து. பச்சைச் சாயக் காமிரா இல்லாவிட்டால் பரவாயில்லை. ஸ்கேன் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் சிரை புடைப்பு இருந்தாலோ போர்ட்டல் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும் என்று பொருள். இந்த அளவு வெட்டு தாங்குமா என்று மறுபடி யோசிக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி மாத்திரை, டெனோஃபோவிரோ என்டகாவிரோ, இன்னும் தொடங்கவில்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகும் நிறுத்தக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் 3ஆம் நாள் வடிகுழாய் நீரில் பிலிருபின் என்ற பித்த நிறமியின் அளவு ரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் பித்தக் கசிவு. பெரும்பாலும் குழாயை விட்டுவைத்தாலே ஆறிவிடும். 5ஆம் நாள் ரத்தம் உறையும் திறன் (புரோத்ராம்பின் அளவு) 50 சதவீதத்துக்குக் கீழும் ரத்தத்தில் பிலிருபின் டெசிலிட்டருக்குச் சுமார் 3 மி.கி.க்கு மேலும் சேர்ந்து இருந்தால் ஈரல் திணறுகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு எண்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக நாகலூருக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் சேலத்தில் உறவுக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ வைத்திருங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது தோளில் வலி, கண் மஞ்சள், வயிறு உப்புவது, கறுப்பாக மலம் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவில் பனிமூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும் நேரத்துக்கு அது காத்திருக்காது. பிறகு முதல் 2 ஆண்டுகளுக்கு 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஈரல் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் 5 ஆண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல் ஈரலில் மறுபடி கட்டி வருகிறது, பல சமயம் வேறு செக்மென்ட்டில். சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் சுட்டு அழிக்கவோ மறுபடி வெட்டவோ வழி இருக்கும். பழைய சி.டி. தகடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் புதியதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.